பாறையில் ஒரு தவம்

மக்கட் பிறவியின் உறுதிப்பொருள்கள் அறம், பொருள், இன்பம், வீடு என நான்காம் என்பது நம் முன்னோர் கொள்கை. அவற்றை எய்துதற்குரிய முயற்சிகளுள் தவத்தை அவர்கள் பெரிதும் போற்றினர். செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையூராகிய மாமல்லபுரத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறை ஒன்றில் அத்தவத்தைக் காணலாம். பல்லவர் ஆட்சியில், 7ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பெற்ற சிற்பம் அது. எலும்பு புலப்பட மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியுள்ளார். அருகே சிவபெருமான் வரமருளி நிற்கின்றார்.

அத்தவசி யார்? பாசுபதம் வேண்டிய அருச்சுனன் என்பர் சிலர். பகீரதன் என்பர் வேறு சிலர். பாறையின் நடுப்பிளவில் நாகர் உருவங்கள் உள்ளன. முற்காலத்தில் அப்பிளவின் வழியே நீர் விழச் செய்தனர் என்றும் அறிஞர் கருதுவர். ஆதலின் கங்கையைக் கொணர்ந்த பகீரதனே என்பது பொருந்தும்போலும். அருச்சுனன் தவம் போரில் வெல்லுதற்கு. பகீரதன் தவமோ, சாம்பராய்க் கிடந்த முன்னோர் நற்கதி பெறுதற்கு.

சிற்பி அவ்வளவில் நின்றாரல்லர். கீழே, பெரிய யானையின் அருகில், பூனை ஒன்றும் பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயர்த்தித் தவம் புரிகின்றது! எலிகள் அதனைச் சூழ்ந்து அச்சமின்றி இருக்கின்றன. அது வேண்டும் வரம் யாதென்று அவ்வெலிகள் அறியா. காண வருவோருள்ளும் பலர், யானையை வியந்துவிட்டுப் பூனையை நோக்காமலே செல்கின்றனர்.