உள்பக்கச் செய்திக்கு ஓர் ஆள் வேண்டும்

விருதுநகருக்குக் குடிநீர் தரும் இடங்களில் ஒன்று, அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே உள்ள ஆனைக்குட்டம் அணைப் பகுதி. அணையைப் பராமரிப்பது ஒரு துறை, தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருவது நகராட்சி. குழாய் வறண்டால் இரண்டு அலுவலகக் கோப்புகளையும் சேர்த்துப் படிப்பவர் உள்ளாட்சிச் செய்தியாளர்தான். மன்றக் கூட்டத் தாளில் கடைசிப் பொருளாகக் கிடக்கும் மோட்டார் பழுதுச் செலவு போன வருஷமும் வந்ததா என்பதை அவருடைய பழைய குறிப்பேடுதான் சொல்லும்.

அதற்குத்தான் கவுன்சிலர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான். திருத்தங்கலையும் இணைத்துச் சிவகாசி மாநகராட்சி ஆனதும் அந்த இடைவெளியில், 2021இல். வரி கூடுமா, குப்பை யார் பொறுப்பு என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஆளில்லை. செல்போன் வீடியோ போதாதா? அது உடைந்த குழாயைக் காட்டும். ஒப்பந்தம் எடுத்தவர் யார் என்று காட்டாது. பட்டாசு ஆலை வெடித்தால் சென்னையிலிருந்தும் கேமராக்கள் வருகின்றன, மறுவாரம் போய்விடுகின்றன. தங்கிக் கேள்வி கேட்பவருக்குப் பல ஊர்களில் நிலையான சம்பளம்கூட இல்லை. பத்திரிகைகள் முதலில் அதைக் கொடுக்கட்டும். நாமும் அந்த உள்பக்கத்தைப் புரட்டித் தள்ளாமல் படிப்போம்.