கிராம சபையில் பேசியது எங்கே போகிறது?

“எங்க தெருவுக்கு மூணு மாசமா தண்ணி வரலைங்க!” என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்கிறார். “பார்க்கிறோம்” என்று பதில் வருகிறது. கூட்டம் முடிகிறது. ஆறு மாதம் கழித்து தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் அந்தக் கேள்வியே இல்லை. கேட்டதற்கும் சாட்சி இல்லை. பதில் சொன்னதற்கும் சாட்சி இல்லை. பல ஊர்களில் நடப்பது இதுதான்.

தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கு, அரசு வீடு பெறுவோர் பட்டியல் என ஊரின் முக்கிய விஷயங்கள் அங்கேதான் வருகின்றன. ஆனால், கடைசியில் மிஞ்சுவது ஒரு நோட்டும் கையெழுத்துகளும்தான். வருகைக்காகப் போட்ட கையெழுத்தே தீர்மானத்துக்கான சம்மதமாகவும் மாறிவிடலாம்.

கூட்டம் முழுவதையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினால் இந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது. இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்களே படம்பிடிக்கும் உரிமை 2014 முதல் இருக்கிறது. நம் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும், கூட்டப் பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தயாரிக்கும் ‘சபாசார்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2025 ஆகஸ்டில் அறிமுகம் செய்தது. அதற்கும் முதலில் பதிவு வேண்டுமே!

“கேமரா இருந்தால் பெண்கள் பேசத் தயங்குவார்களே, எதிர்த்துப் பேசியவரை பிறகு மிரட்டுவார்களே?” என்ற கேள்வி நியாயமானது. கேமராவை மேடைப் பக்கம் திருப்பி வைக்கலாம்; மக்கள் பேசுவதற்குக் குரல் பதிவே போதும். பதிவு நடக்கிறது என்பதை முன்பே அறிவித்துவிட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை:

* கோரிக்கையை எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.
* கூட்டம் முடியும் முன் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்திடுங்கள்.
* தீர்மான நகல் வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.
* ‘இனி எல்லாக் கூட்டங்களையும் பதிவு செய்ய வேண்டும்’ என்பதையே ஒரு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒரு செல்போனும் அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டும் போதும். செலவு பெரிதில்லை, மனசுதான் வேண்டும்!