விளையாட்டில் எது பொது? எது விலைக்கு?

சிந்தனையைத் தூண்டும் ஆட்டங்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. ஆடுபுலி ஆட்டத்திற்கு மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். கட்டம் வரையக் கரித்துண்டும், காய்களாகக் கல்லும் புளியங்கொட்டையும் போதும். ஏழையும் செல்வரும் ஒரே கட்டத்தின் முன் அமரலாம்.

இன்று கணிப்பொறியிலும் போர்த்திட்ட ஆட்டங்கள் உள்ளன. முதலில் ஆட்டத்தை விற்கிறார்கள்; பின்னர் புதிய நாடு, புதிய படை, புதிய கதை ஆகியவற்றை ‘விரிவாக்கம்’ என்ற பெயரில் தனி விலைக்கு விற்கிறார்கள். இவற்றுள் எது இலவசமாக இருத்தல் வேண்டும்? எதற்கு விலை கேட்கலாம்?

நம் ஊருக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் ஆட்டத்தில் 13 இனத்தார் இருந்தனர், இந்தியர் இல்லை. 2013இல் ஒரு விரிவாக்கத்தில் ‘இந்தியர்’ என்று ஒரே பெயரில் சேர்த்தனர். 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில்தான் திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் எனப் பிரித்தனர். அதில் திராவிட வீரர்கள் தமிழில் பேசுகின்றனர். இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளையும் நாமே நடத்தலாம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வழியாகச் சென்றால் அவன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்தை அடையலாம். ‘நம் மன்னனை நாமே விலை கொடுத்து வாங்குவதா?’ என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ?

சற்றே ஆராய்ந்தால் விடை கிடைக்கும். சோழர் வரலாற்றை நூலகத்தில் படிக்கலாம். கோயிலை நேரில் காணலாம். அவற்றை எவரும் விற்கவில்லை. விற்கப்படுவது, ஓவியம் தீட்டியவர், இசை அமைத்தவர், குரல் கொடுத்தவர் ஆகியோரின் உழைப்பே. உழைத்தவருக்குக் கூலி கொடுப்பது நீதி. ஆகவே புதிய கதைக்கும் புதிய நாட்டிற்கும் விலை கேட்பது தவறன்று என்பது எங்கள் கருத்து.

ஆனால் மூன்றை விற்கலாகாது. முதலாவது, பிழை திருத்தம். குறையுள்ள பொருளை விற்றவரே அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, உடன் ஆடும் உரிமை. மேற்சொன்ன ஆட்டத்தில், விரிவாக்கத்தை வாங்காதவரும் வாங்கியவரோடு ஆடலாம். பழைய ‘இந்தியர்’ படையும் ‘இந்துஸ்தானியர்’ என்று மாற்றப்பட்டு, அடிப்படை ஆட்டம் உள்ள அனைவருக்கும் தனி விலையின்றிக் கிடைத்தது. இது பாராட்டுக்குரியது. மூன்றாவது, வெற்றி. விலைக்கு வரும் படை மற்றப் படைகளைவிட வலிமை மிகுந்திருந்தால், அங்கே அறிவு தோற்றுப் பணம் வெல்கிறது. காசு கொடுத்தவருக்கு இரண்டு ராணி என்று சதுரங்கத்தில் உண்டா?

சதுரங்கம் இதற்கு நல்ல வழிகாட்டி. 2010இல் பிரான்சு நாட்டவர் ஒருவர் தொடங்கிய ‘லிச்செஸ்’, நன்கொடையால் நடக்கிறது. அதில் ஆட்டம், பயிற்சி, ஆட்டத்தை ஆராய்தல் யாவும் அனைவருக்கும் இலவசம்.

தோழியரே! விரிவாக்கம் ஒன்றை வாங்கித் தருமாறு பெற்றோரைக் கேட்குமுன், அது புதிய இன்பத்தைத் தருகிறதா, வெறும் வெற்றியை விற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அழகுக்கு விலை இருக்கட்டும். நேர்மை எல்லோருக்கும் பொதுவாகட்டும்!