வெயிலில் பிழைக்கும் ஜேட் செடி, தண்ணீரில் சாவது ஏன்?

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் ஸ்ரீரங்கத்துத் தாத்தா பாட்டிகளுக்கு ஒரே கவலை, மொட்டைமாடித் தொட்டிகள். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் திருச்சி வெயிலில் ரோஜாத் தொட்டி ஒரு வாரம் தனியாக நிற்காது. தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லி எத்தனை முறைதான் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பது?

அதனால்தான் பலரும் ஜேட் செடி வாங்குகிறார்கள். வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நர்சரிகளில் ஜேட் என்ற பெயரில் இரண்டு வேறு செடிகள் கிடைக்கின்றன. கட்டைவிரல் அளவுக்குப் பருத்த, பளபளப்பான இலை இருந்தால் அது கிராசுலா ஒவாட்டா. சிவந்த தண்டில் பொட்டு போலச் சின்னச் சின்ன இலைகள் இருந்தால் போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. இரண்டுமே தென்னாப்பிரிக்கப் பக்கத்துப் புதர்கள். இரண்டாவது, அங்கே யானைகள் விரும்பித் தின்னும் தழை.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம். கிராசுலாவைத் தின்றால் அவற்றுக்கு வாந்தியும் சோர்வும் வரலாம். போர்ச்சுலகேரியாவில் அந்தப் பயம் இல்லை. திருச்சி வெயிலையும் அதுதான் நன்றாகத் தாங்கும். கடும் வெப்பத்தில் கிராசுலா வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்; மதிய வெயில் படாத இடம்தான் அதற்குச் சரி. 'வைத்தால் பணம் கொட்டும்' என்று சொல்லி விற்பது இரண்டுக்கும் பொது. அதை விட்டுவிடலாம்.

எப்படி இவ்வளவு வறட்சியைத் தாங்குகிறது? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறப்பதால், நீர் ஆவியாகிப் போகும். கிராசுலா இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, பகலில் பயன்படுத்துகிறது. போர்ச்சுலகேரியா தண்ணீர் குறையும்போது இந்த முறைக்கு மாறிக்கொள்ளும். போதாததற்கு இலையிலும் தண்டிலும் நீர் சேமிப்பு வேறு.

இப்படிப்பட்ட செடிக்குத் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? வேர் அழுகும். இலை மஞ்சளாகி உதிரும். வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். கதை முடிந்தது!

மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். இலை லேசாகச் சுருங்கினால் தாகம் என்று அர்த்தம். அமுக்கினால் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் வண்டல் மண். வாழைக்கு வரம், இந்தச் செடிக்கு ஆபத்து. தோட்டத்தில் வைப்பதென்றால் செம்மண்ணோடு கரடுமுரடான மணல், உடைத்த செங்கல் துண்டு கலந்து மேடாக்கி நடுங்கள். மாடிக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், வேர் வெந்துவிடும். மண்தொட்டியே நல்லது.

பழைய அக்ரஹார வீடுகளில் ரேழி இருட்டாக இருக்கும். அங்கே வைத்தால் தண்டு ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும். முற்றத்து ஓரம் அல்லது ஜன்னல் பக்கம் பொருத்தம். உள்ளே இருந்த செடியை ஒரே நாளில் மாடி வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், இலை கருகும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

உண்மையான சோதனை ஐப்பசியில்தான். திருச்சிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில் வருவதால், அந்த மாதங்களில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தி, தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். முற்றத்தில் இருந்தால் ஓட்டு விளிம்பின் சொட்டுநீர் விழாத இடமாகப் பாருங்கள்.

ஒருவேளை அடித்தண்டு அழுகிவிட்டாலும் செடியைத் தூக்கி எறிய வேண்டாம். மேலே கெட்டியாக இருக்கும் கிளையை வெட்டி, நான்கைந்து நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்ததும், ஈரம் குறைந்த மணலில் செருகுங்கள். ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.