வாவிக்கரை மண்ணில் வண்ணம் செய்வோம்

கூரைக்குத் தகரம் இல்லை, உலைக்கு அரிசி இல்லை, பிள்ளைக்கு வர்ணப்பெட்டி எதற்கு என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான். வர்ணப்பெட்டி வேண்டாம். காசில்லாமல் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் முற்றத்தில் கூடிச் செய்யக்கூடிய வண்ணங்களைப் பற்றியே இங்கு பேசுகின்றோம்.

1990இலும் 2007இலும் படுவான்கரையை விட்டு வாவி கடந்து எழுவான்கரைக்கு வந்த விவசாயக் குடும்பங்கள் வயலை மட்டுமா இழந்தன? எந்த மண் எதற்கு உதவும் என்று அறிந்த தகப்பன், நிவாரண வரிசையில் அட்டையோடு நிற்பதைத்தான் பிள்ளை கண்டது. அவருடைய கைத்திறனைக் காண அதற்கு வாய்ப்பே இல்லை. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத வீடுகளில் இந்தக் குறை பெரிது. ஒரு கூடை களிமண் அந்த வாய்ப்பைத் தரும்.

இதற்கு மட்டக்களப்பிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. யேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் 1996ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். ரொறன்ரோவில் உடல் ஊனமுற்ற சிறுவரும் அயற் சிறுவரும் கோடையில் வெளியே கூடி மண்ணிலும் வண்ணத்திலும் விளையாடும் தோட்டம் ஒன்றில் பணியாற்றிய அனுபவம் ஹோகனுக்கு இருந்தது. போர் நடந்த அந்நாட்களில் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இங்கே சேர்ந்து களி பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். துயரப்பட்ட பிள்ளையிடம் என்ன நடந்தது என்று துருவிக் கேட்பதைவிட, கையில் ஒரு பிடி களியைக் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

பெரும்போக வெட்டு முடிந்து சித்திரை விடுமுறை வரும் காலம் இதற்கு ஏற்றது. வைக்கோலும் கிடைக்கும். களிக்கு வயல் வரம்பும் குளத்தங்கரையும் நல்லவை. வாவிச் சேறு உவர். காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கும். புற்றுமண்ணும் நன்று, ஆனால் பாம்பை மறக்கவேண்டாம். இடிந்து கிடக்கும் பழைய புற்றே போதும். களியைப் பென்சில் தடிப்பில் திரித்து வளையமாக்குங்கள். வெடித்தால் மணல் கூடிவிட்டது. பெரிய உருவங்களுக்கு வைக்கோலைச் சிறிதாக நறுக்கிப் பிசையவேண்டும். பார்வோன் வைக்கோல் கொடாமல் செங்கல் அறுக்கச் சொன்ன கொடுமை, களி பிசைந்தவர்களுக்குத்தான் நன்றாக விளங்கும். செய்தவற்றை நிழலில் ஈரச்சாக்கு மூடிக் காயவிடுங்கள். கச்சான் காற்றுப் பட்டால் ஒரே பகலில் பிளந்துவிடும்.

வண்ணங்களில் நிலைப்பது மண் வண்ணமே. ஒரு பிடி செம்மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, நூறு எண்ணும்வரை பொறுங்கள். மணல் அடியில் இறங்கிவிடும். மேல்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுதும் வைத்தால், அடியில் படியும் மெல்லிய சேறுதான் காவி. சிரட்டைக்கரியை இடித்துத் துணியில் சலித்தால் கறுப்பு.

மற்றவை அம்மம்மாவின் பாடம். மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆராத்திச் சிவப்பு. நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்துத் தேசிக்காய் பிழிந்தால், நீலம் ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். இவை வெயிலில் சீக்கிரம் வெளிறும். வெளிறட்டும், மறுபடி செய்யலாம். சுண்ணாம்பைப் பெரியவர்களே தொடவேண்டும், கண்ணில் பட்டால் புண்ணாக்கும்.

வண்ணம் ஒட்டுவதற்குக் கஞ்சி சேர்ப்பதுண்டு. அரிசி உண்ணவே போதாத வீட்டில் அதைத் தொடாதீர்கள். விளாம்பிசினையோ வேப்பம்பிசினையோ இரவில் ஊறவைத்தால் போதும். பச்சைப் பொச்சுமட்டையின் நுனியைக் கல்லில் நைத்தால் தூரிகை. நிவாரணச் சாமான் வந்த மட்டைப்பெட்டியைப் பிரித்தால் படம் வரைய இடம்.

இரண்டு விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். கிருமிநாசினி, களைநாசினி வந்த போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் வண்ணம் கலக்க எடுக்கவேண்டாம். மண்ணை உழுது பழகிய இடத்திலேயே எடுங்கள். அறியாத இரும்புப் பொருள் ஏதும் தென்பட்டால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, கிராம சேவையாளருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

மீந்த காவிச் சேற்றைச் சிறு உருண்டைகளாக்கிக் காயவைத்துக் கட்டி வையுங்கள். மாரியில் நீர்விட்டுக் குழைத்தால் மீண்டும் வண்ணமாகும். வேறு இடம் போக நேர்ந்தாலும் ஒரு சிறு பையில் கொண்டுபோகலாம்.