மாவுக்கட்டு போட்ட பிறகும் கவனம் தேவை

வேலையிடத்தில் விழுந்து கை முறிந்தால், மாவுக்கட்டு போட்டதும் ஆபத்து நீங்கியதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. நர்ஸ் அடிக்கடி வந்து விரல்களைத் தொட்டுப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

முதலில் நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் சுமார் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். விரல் சில்லிட்டிருக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா, மடக்கி நீட்ட முடிகிறதா என்றும் பார்ப்பார். அடிபடாத கையோடு ஒப்பிடுவார்.

காரணம் இதுதான். உள்ளே வீக்கம் கண்டு கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசையும் நரம்பும் பழுதாகிக் கை நிரந்தரமாக முடங்கலாம். மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலியும், விரலை நீட்டினால் உயிர் போவது போன்ற வேதனையும் முக்கிய அறிகுறிகள். நாடி துடிக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு இப்படி நேர்ந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாஷை தெரியவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். வலிக்கு இந்தியில் 'தர்த்', கன்னடத்தில் 'நோவு'. அந்த ஒரு சொல்லைச் சொல்லி விரலைக் காட்டினால் போதும், நர்ஸுக்குப் புரியும்.