உருட்டி வந்த கல் அல்ல

இலங்கையின் வலப்பனைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கொழுந்து நிரை சில இடங்களில் இரண்டாகப் பிரிந்து, தாண்டி மறுபடி சேரும். நடுவே ஒரு பாறாங்கல் உருண்டை கிடக்கும், சிலது லயத்துக் காம்பரா உயரத்துக்கு. இதை யார் உருட்டி வந்தது?

சுவிட்சர்லாந்தின் மொந்தே ஊரில் இந்தக் கேள்விக்கு விடை பனியாறு. அங்கே நிற்கும் மார்மெத் கல், மொன் பிளாங் மலையிலிருந்து பனி சுமந்து வந்து இறக்கியது. அதை உடைத்து விற்க ஒரு கல் வியாபாரி வாங்கியிருந்தார். இயற்கை அறிவியலாளர்கள் போராடி 1908இல் மீட்டார்கள்.

நம் மலையில் கடைசிப் பனியுகத்திலும் பனியாறு ஊர்ந்ததில்லை. நம் கல் இங்கேயே உருண்டையானது. மண்ணுக்கடியில் பாறை குறுக்கும் நெடுக்கும் வெடித்துக் கட்டி கட்டியாக நிற்கும். வெடிப்பில் இறங்கும் மழைநீர் கட்டியின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்தும், மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் அரிக்கும். மூலை முதலில் உளுத்துக் களிமண்ணாகும். நடுக்கரு உருண்டையாக மிஞ்சும். புதிதாக வெட்டிய பாதையோரத்தில் பாருங்கள்: வெங்காயச் சருகு போலச் செம்மண் தகடுகள், நகத்தால் கீறினாலே உதிரும். உள்ளே கருங்கல், தட்டினால் கணீரென்கிறது. பிறகு மழை மண்ணைக் கழுவ, கல் வெளியே வரும். அதன் உச்சிவரை ஒரு காலத்தில் மண் இருந்தது. மலை எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

மாமல்லபுரத்தில் ‘வெண்ணெய் உருண்டை’ எனப்படும் பாறாங்கல்லும் இப்படி உருவானதே. சுமார் 6 மீட்டர் உயரம், 250 டன் என்பது மதிப்பீடு. அதே 1908இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது.

நம் தோட்டத்துக் கற்களை வெடி வைத்துச் சல்லியாக்குகிறோம். ஆபத்தில்லாத சிலவற்றையாவது பெயரிட்டுக் காக்க வேண்டும். எல்லாமே ஆபத்தில்லாதவை அல்ல. சரிவில் நிற்கும் கல்லைப் பிடித்திருப்பது அடிமண்தான். 2007 ஜனவரியில் வலப்பனையில் மலை சரிந்ததை யாரும் மறக்கவில்லை. வடிகால் கான் அடைபட்டால் தண்ணீர் கல்லடிக்குப் போகும். அடைமழையில் கல்லடி மண் புதிதாக வெடித்திருந்தாலோ, கலங்கல் நீர் ஊறினாலோ, கீழ் லயத்தில் யாரும் தங்கக்கூடாது. உடனே கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.